இரண்டேகால் வரை காயும் மெத்தை

மூன்றாம் மாடியிலிருந்த பொது மருத்துவ வார்டில் முப்பத்திரண்டு கட்டில்கள். அவற்றுக்குப் பொறுப்பான நர்சை ஆஸ்பத்திரி முழுக்க இன்சார்ஜ் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் கணவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து வருடங்கள் ஆகிவிட்டன. முதலில் கிண்டலுக்குத்தான் ஆரம்பித்தார், பிறகு நாக்கு அதற்கே பழகிவிட்டது. அவர் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பகலெல்லாம் அடுத்தவர் ஓட்டுகிற காரில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்திருப்பதாலோ என்னவோ, வீட்டிலும் எந்த விஷயத்திலும் அவசரப்பட மாட்டார்.

இன்சார்ஜ் தன் நாற்பத்து நாலாவது வயதில், முட்டி வலிக்கு மாத்திரை போடத் தொடங்கிய அதே மாதத்தில், மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.பி.ஏ. படிக்கச் சேர்ந்தாள். சனிக்கிழமை பிற்பகலும் ஞாயிறு முழுதும் வகுப்பு. இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். ஏன் இந்த வயதில் என்று கேட்டவர்களிடம், சும்மா இருக்கிற நேரத்தில் ஏதாவது படிக்கலாமே என்று சொல்லிவைத்தாள். முப்பத்திரண்டு கட்டிலைக் கட்டி மேய்க்கிறவளுக்குச் சும்மா இருக்கிற நேரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

உண்மையான காரணம் மேனேஜர் நாற்காலி. எல்லா வார்டுகளின் அன்றாட வேலையையும் நடத்துகிற அந்த நாற்காலியில் அவள் பார்க்க மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். மூவருமே வந்த முதல் வாரம் அவளிடம் வந்து அழுக்குத் துணி எந்த வழியாகக் கீழே போகிறது என்று கேட்டார்கள். அடுத்த வாரம், அழுக்குத் துணி எந்த வழியாகப் போகவேண்டும் என்று அவளுக்கே சுற்றறிக்கை அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சுற்றறிக்கைகளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுப் போட்டு அவளுக்குக் கை வலித்ததோ இல்லையோ, மனசு வலித்தது. ஒரு தடவையாவது தான் எழுதி மற்றவர்கள் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஆசை. பேராசை என்றே வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது மேனேஜரின் ஒப்பந்தம் முடிய இரண்டு வருடம் இருந்தது. அடுத்தவரை உள்ளிருந்தே எடுக்கலாம், ஆனால் நிர்வாகப் பட்டம் கட்டாயம் என்று இயக்குநர் ஒரு கூட்டத்தில் சொன்னார். மறுநாளே விண்ணப்பப் படிவம் வாங்கிவிட்டாள்.

வகுப்பு ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. ஏ.சி. ஓடினால் புரொஜெக்டர் அணைந்துவிடும், புரொஜெக்டர் ஓடினால் ஏ.சி. நின்றுவிடும். எது வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் வாக்கெடுப்பு நடந்து, ஒவ்வொரு வாரமும் ஏ.சி.யே ஜெயித்தது. இருபத்தாறு மாணவர்களில் பெரும்பாலோர் நேற்றுதான் கல்லூரியை விட்டு வந்தவர்கள். முதல் தேர்வில் ஊழியர்களுக்கு உற்சாகம் தருவது எது என்று ஒரு கேள்வி. கேட்ட நாளில் லீவு கொடுப்பது என்று இன்சார்ஜ் இரண்டு பக்கம் எழுதினாள். பத்துக்கு மூன்று மதிப்பெண் வந்தது. அடுத்த தேர்வில், மனிதத் தேவைகளை ஐந்து படிக்கட்டாக அடுக்கிப் புத்தகத்தில் இருந்த படத்தை அப்படியே போட்டாள், எட்டு வந்தது. படிப்பின் சூட்சுமம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

புள்ளியியல்தான் உயிரை வாங்கியது. திட்ட விலக்கம் என்பது என்ன என்று மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டாள். பிறகு வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு சர்க்கரைக்காரர்கள் சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கும் வாரச் சராசரி நூற்று எண்பது. ஒருவருக்குத் தினமும் நூற்று எண்பது. மற்றவருக்கு ஒரு நாள் எழுபது, ஒரு நாள் முந்நூறு. யாரைப் பார்த்துப் பயப்படவேண்டும் என்று நர்சுக்குச் சொல்லித் தரவேண்டுமா? ஓ, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது.

டியூட்டி முடிந்தபின் இரண்டரையிலிருந்து நாலு மணி வரை துணி அறையில் படிப்பாள். துவைத்து வந்த விரிப்பு மூட்டை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு இன்னொன்றை மேஜையாக்கிக்கொள்வாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையின் மறுபக்கம் பதினோராம் வகுப்பு மகள். “நீ ஃபெயிலானா அப்புறம் என்னை மிரட்ட முடியாதும்மா. அதுக்காகவாவது படி” என்று அவள் உற்சாகமூட்டினாள். அம்மா கையால் எழுதியதைக் கணினியில் ஏற்றியதும் அவள்தான்.

மூன்று செமஸ்டர் இப்படி ஓடியது. நான்காவதில் புராஜெக்ட். சொந்த வேலையிடத்தில் ஒரு சிக்கலை எடுத்து, அளந்து, காரணம் கண்டு, தீர்வு சொல்லவேண்டும். இன்சார்ஜ் யோசிக்கவே இல்லை. கீழே அவசரப் பிரிவில் நோயாளிகள் மேலே வார்டில் கட்டில் கிடைக்காமல் ஸ்ட்ரெச்சரிலேயே மணிக்கணக்கில் கிடந்தார்கள். அதற்காக வாரந்தோறும் கூட்டம் போட்டு ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு விடை கண்டுபிடிக்கிறவளுக்குத்தான் நாற்காலி என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். இயக்குநரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நாலு மாதம் போனும் நோட்டுமாக அலைந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிய நேரம், பில் வந்த நேரம், மாத்திரை வந்த நேரம், நோயாளி கட்டிலை விட்டு இறங்கிய நேரம், ‘பெட் ரெடி’ என்று கீழே போன் போன நேரம். நூற்றுப் பதினெட்டு கட்டில்களுக்கு எடுத்தாள். குற்றவாளி பில் போடுகிற இடமாகத்தான் இருக்கவேண்டும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு ஆசை, ஏனென்றால் அவர்களோடு பழைய பகை ஒன்று இருந்தது. ஆனால் அவள் நோட்டோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் அவர்கள் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். டாக்டர்கள்கூட நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அப்படியும் கீழே கூட்டம் குறையவில்லை.

கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவளைவிடப் பத்து வயது இளையவர், மரியாதைக்காரர். அட்டவணையை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“மேடம், பதினொண்ணே முக்காலுக்கு பேஷன்ட் போயாச்சு. பன்னண்டுக்குத் துடைச்சாச்சு. ரெண்டேகாலுக்குத்தான் பெட் ரெடின்னு போன் போகுது. நடுவுல என்ன நடக்குது?”

“மெத்தை காயுது சார்.”

“நூத்திப் பதினெட்டு மெத்தையும் கரெக்டா ரெண்டேகாலுக்கா காயுது?”

இன்சார்ஜ் அட்டவணையைத் தன் பக்கம் திருப்பி அந்த வரிசையைத் தானே படித்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை வார்டைத் துடைக்கிற அக்காவைத் துணி அறைக்குக் கூப்பிட்டு, துடைத்த மெத்தை காய உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெக்சின் உறை போட்ட மெத்தை, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிஷம் போதும் என்றாள். அப்புறம் ஏன் இரண்டேகால் வரை நிமிர்த்திச் சாத்தி வைக்கிறாய் என்று இன்சார்ஜ் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

“நீங்கதானேம்மா சொன்னீங்க. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்.”

சொன்னது உண்மைதான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவள் பொறுப்புக்கு வந்த புதிது. காலை ஷிப்ட் ஏழிலிருந்து இரண்டு வரை. அதில் பதினொன்றுக்கு மேல்தான் எல்லாம் ஒன்றாக வந்து விழும்: மருந்து, சாப்பாடு, வீட்டுக்குப் போகிறவர்களின் காகிதம். அந்த நேரத்தில் முப்பத்திரண்டு பேருக்கு இரண்டு நர்ஸ். புதிதாக ஒரு நோயாளியைச் சேர்த்துக்கொள்ள முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு நாள் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குள் நான்கு பேர் வந்தார்கள். ஓடின ஓட்டத்தில் ஒரு நர்ஸ் பதினாறாம் கட்டிலுக்குப் போடவேண்டிய ஊசியைப் பதினேழின் கையில் வைத்துவிட்டாள். எனக்கு ஊசி கிடையாது என்று காலையில் டாக்டர் சொன்னாரே என்று அந்த மனிதர் கேட்டதால் தப்பித்தார். அந்தப் பெண் கழிப்பறைக்குப் போய் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று இன்சார்ஜ் அன்றே எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதமும் எழுதினாள். அதற்கடுத்த மாதமும் எழுதினாள். பதிலே வராததால், துடைக்கிற அக்காவைக் கூப்பிட்டு, மெத்தையைக் கீழே படுக்க வைக்காதே, இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்டுக்குப் பொறுப்பு மாறும் வரை நிமிர்த்தியே வை, கேட்டால் காயுது என்று சொல் என்றாள். நிமிர்ந்து நிற்கிற மெத்தைக்கு யாரும் ஆளை அனுப்ப முடியாது. மதியம் வரும் ஷிப்டில் மூன்று நர்ஸ், அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். அவளுடைய வார்டு நர்சுகள் அன்றைக்குத்தான் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மூன்றாம் மாடியிலிருந்து மாற்றலாகிப் போன நர்சுகள் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். நாலாம் மாடியில் மெத்தை நிமிர்ந்தது, ஐந்தாம் மாடியில் நிமிர்ந்தது. புதிதாகச் சேரும் நர்சுகளுக்குக் கொடுக்கிற பயிற்சிக் குறிப்பில், கிருமித் தடுப்பு என்ற தலைப்பின் கீழ் ஒன்பதாவது விதியாக அது யார் கையாலோ ஏறியது: துடைத்த மெத்தையை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் நிமிர்த்தி உலர்த்தவும். வெளியிலிருந்து வந்த ஆய்வுக் குழு அதைப் புகைப்படம் எடுத்துப் பாராட்டிவிட்டுப் போனது. அன்று இன்சார்ஜ் துணி அறைக்குள் போய்ச் சிரித்தாள். அதன்பின் வருடங்கள் போகப் போக அவளே பாதி நம்பிவிட்டாள். நாலு மாதம் ஊரையெல்லாம் அளந்தவளுக்கு அந்த இரண்டு மணி நேரம் ஒரு தாமதம் என்றே கண்ணில் படவில்லை.

மறுநாள் பன்னிரண்டரை மணிக்குக் கீழே அவசரப் பிரிவுக்குப் போனாள். சுவரோரமாக ஐந்து ஸ்ட்ரெச்சர்கள். மூன்றாவதில் மூச்சிரைக்கும் ஒரு மனிதர். பக்கத்தில் ஸ்டாண்டு கிடைக்காததால் அவர் மனைவி சலைன் பாட்டிலைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பதினொன்றரையிலிருந்து பிடிக்கிறாராம். ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டார். யூனிஃபார்மைப் பார்த்ததும், மேலே கட்டில் ஏதாவது காலியாகிவிட்டதா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் இன்சார்ஜுக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். மேலே மூன்று மெத்தைகள் நிமிர்ந்து நிற்பதை அவள் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அங்கிருந்தே வார்டுக்கு போன் போட்டாள். எடுத்தது ரூல்ஸ். வார்டிலேயே இளையவள், சேர்ந்து ஒன்றரை வருடம். எதையும் விதிப்படிதான் செய்வாள் என்பதால் அந்தப் பட்டம்.

“ஏழாம் நம்பர் மெத்தையைப் படுக்க வைம்மா. பெட் ரெடின்னு சொல்லிடு.”

“சிஸ்டர், இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கே. கிருமி பரவிடுமே சிஸ்டர்.”

அந்தக் குரலில் சோம்பல் துளியும் இல்லை. நிஜமாகவே பயந்துதான் கேட்டாள். இன்சார்ஜுக்குத் தான் செய்துவைத்தது என்ன என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது.

அடுத்த நாள், இரண்டு ஷிப்டும் சந்திக்கிற நேரத்தில், வார்டு அறையில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டாள். அது விதி இல்லை, கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆள் பற்றாத நேரத்தில் தான் கட்டிய கதை. மூத்த நர்சுகள் இரண்டு பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ரூல்ஸ் மட்டும் அசையாமல் நின்றாள்.

“போன மாசம் ஒரு அம்மா கீழேயிருந்து ஏறி வந்து கேட்டாங்க சிஸ்டர். காலியாத்தானே இருக்குன்னாங்க. உங்க வீட்டுக்காரருக்கு நல்லதுக்குத்தான்னு சொல்லி நான் கீழே அனுப்பி வெச்சேன். அப்போ நான் பொய் சொல்லியிருக்கேன், இல்லையா?”

“நீ சொல்லலைம்மா. நான் சொன்ன பொய் அது.”

“புராஜெக்ட்ல எப்படி எழுதப் போறீங்க?”

நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று இன்சார்ஜ் எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். ரூல்ஸ் தலையை ஆட்டிவிட்டு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வேலை சம்பந்தமாகத் தவிர அவளிடம் பேசவில்லை.

சொன்னபடிதான் எழுதினாள். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி: இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் அப்போதைய வார்டுப் பொறுப்பாளர், இந்த ஆய்வைச் செய்பவரும் அவரே. அதன் கீழே இரண்டு பரிந்துரைகள். ஒன்று, மெத்தையைப் பத்து நிமிடத்தில் படுக்க வைக்கவேண்டும். இரண்டு, பதினொன்றிலிருந்து இரண்டு வரை வார்டுக்கு ஒரு நர்ஸ் கூடுதலாக வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்றைச் செய்யக்கூடாது. மகள் அதை ஏற்றிவிட்டு, இதைப் படித்தபிறகுமா உனக்கு மேனேஜர் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்புக்கே தெரிந்தது இன்சார்ஜுக்குத் தெரியாமலில்லை. இருந்தாலும், தைரியமாக உண்மை எழுதினவள் என்று ஒருவேளை மெச்சிக்கொள்வார்களோ என்று ஒரு நப்பாசை.

நகலைப் படித்த இயக்குநர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். இருபத்து நாலு வருடத்தில் அந்த அறையில் அவள் குடித்த முதல் டீ. வேலையைப் பாராட்டினார், அளந்த விதத்தைப் பாராட்டினார், இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டீர்களே என்றார். பிறகு நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

“இந்த ஒரு வரிதான் உறுத்துது சிஸ்டர். கிருமித் தடுப்பு விதியை ஊழியர்கள் தவறாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு மாத்திடுங்க. உங்களுக்கும் நல்லது, ஆஸ்பத்திரிக்கும் நல்லது. அடுத்த வாரம் இன்டர்வியூல பார்க்கலாம்.”

மிரட்டவில்லை. லிஃப்ட் வரை கூடவே வந்து வழியனுப்பினார்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் அவசரப்படாமல், அந்த நாற்காலி உனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். ரொம்ப வேண்டும் என்றாள். சரி, அப்படியென்றால் மாற்றிக்கொள், நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்றார். மாற்றாதே என்று சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டு மாற்றியிருக்கலாம். இப்போது தானேதான் மாற்றவேண்டியிருந்தது. மாற்றினாள். மகளைக்கூடக் கூப்பிடவில்லை, ஒற்றை விரலால் தேடித் தேடித் தானே தட்டினாள். ஊழியர்களின் தவறான புரிதல். மூன்று பிரதி எடுத்து, கறுப்பு அட்டை போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். ஊழியர்கள் என்றால் யார்? ரூல்ஸ்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தேதான் செய்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஓய்வுபெறும் வயதுக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பவர். முதல் அரை மணி நேரம் திட்ட விலக்கம் கேட்டார். சர்க்கரைக்காரர்களை வைத்து அவள் சொன்ன விளக்கத்துக்குச் சிரித்தார். வழிகாட்டியின் முகம் மலர்ந்திருந்தது. எல்லாம் முடிந்து எழப்போகிற நேரத்தில் தேர்வாளர் நாற்பத்தோராம் பக்கத்துக்கு வந்தார்.

“ஊழியர்கள் விதியைத் தவறாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு இருக்கு. அந்த விதி எங்கே? பின்னிணைப்புல காணோமே.”

“அதிகாரபூர்வமா எழுத்துல இல்லை சார்.”

“எழுத்துல இல்லாத விதியை எப்படித் தவறாப் புரிஞ்சுக்க முடியும்?”

அவர் மடக்குவதற்காகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். பயிற்சிக் குறிப்பின் ஒன்பதாவது விதியைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் நாக்கு நுனி வரை அது வந்துவிட்டது. ஆனால் ஒன்பதாவது விதியை யார் எழுதினார்கள் என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு இன்னொரு ஊழியரைத் தேடவேண்டும். ஒன்றரை வருடமாக விதி தவறாத ஒரு பெண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டவள் என்று எழுதிவிட்டு, அதற்கு ஆதாரம் வேறு கொடுக்கவேண்டுமா? அவளுக்கு அலுத்துப்போனது.

“அவங்க புரிஞ்சுக்கிட்டது சரிதான் சார். நான் சொன்னதுதான் பொய்” என்றாள். மெத்தை, ஊசி, பதில் வராத கடிதங்கள், டீ எல்லாவற்றையும் கால் மணி நேரத்தில் சொல்லிமுடித்தாள். வழிகாட்டி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். மூன்று பிரதியிலும் அந்த வரியை அடித்து, பழைய வரியைக் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். அவருக்குத் தன்மேல் கோபமா பரிவா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றாள், முடியவில்லை. முதல் வகுப்பு கொடுத்தார்.

ஒரு பிரதி கல்லூரிக்கு, ஒன்று இயக்குநருக்கு. மூன்றாவதை அவள் துணி அறை அலமாரியில் போட்டுவைத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோக மனசில்லை. இன்டர்வியூ பத்து நிமிடத்தில் முடிந்தது. இயக்குநர் அவள் முட்டி வலியைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். நான்காவது மேனேஜராக வெளியிலிருந்து முப்பது வயது இளைஞர் ஒருவர் வந்தார். அன்று இன்சார்ஜ் வீட்டுக்குப் போய், சாப்பிடாமல், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று கணவரிடம் சொன்னாள். அவர் எழுந்து போய்த் தைலம் எடுத்து வந்து முட்டியில் தேய்த்துவிட்டார்.

புது மேனேஜரின் முதல் சுற்றறிக்கை: மெத்தையைப் பத்து நிமிடத்தில் படுக்க வைக்கவேண்டும். கீழே காத்திருப்பு ஒரே மாதத்தில் அரை மணியாகக் குறைந்தது. சலைன் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் குறைந்துபோனார்கள்; அதில் இன்சார்ஜுக்கு உண்மையான நிம்மதி. மேலே பதினொன்றிலிருந்து இரண்டு வரை பழையபடி மூன்று, நான்கு பேர் வந்து இறங்கினார்கள். கூடுதல் நர்ஸ் வரவில்லை. வந்த நோயாளிகளில் இரண்டு பேரை இன்சார்ஜே சேர்த்துக்கொண்டாள், மீதியை வார்டு நர்சுகள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். யாரால் இந்த ஓட்டம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்தும் சாப்பாட்டு டப்பாக்கள் மூன்று மணி வரை திறக்காமலே இருந்தன.

இரண்டாவது சுற்றறிக்கை, மெத்தைப் பராமரிப்பு பற்றி எல்லா நர்சுகளுக்கும் ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு. வருகைப் பட்டியலில் முதல் பெயர் இன்சார்ஜுடையது. முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஊழியர்களிடையே நிலவிய தவறான புரிதலைப் பற்றி மேனேஜர் படம் போட்டு விளக்கினார். நல்ல பையன்தான், தனக்குக் கொடுத்த காகிதத்தைப் படித்தார். ஏதாவது சந்தேகம் உண்டா என்று கடைசியில் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

பின்வரிசையில் ரூல்ஸ் எழுந்தாள்.

“சார், அந்த புராஜெக்ட்ல ரெண்டு பரிந்துரை இருக்கு. ஒண்ணில்லாம இன்னொண்ணைச் செய்யக்கூடாதுன்னும் இருக்கு. முதல் ஒண்ணைச் செஞ்சிட்டீங்க. பதினொண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் இன்னொரு நர்ஸ் எப்ப சார் வருவாங்க?”

மேனேஜர் தன் காகிதங்களைப் புரட்டினார். அவரிடம் அந்தப் பக்கம் இல்லை. முன்வரிசையை ஒரு தரம் பார்த்துவிட்டு, இப்படிக் கேட்கச் சொல்லி யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்றார்.

“யாரும் சொல்லிக்கொடுக்கலை சார். துணி ரூம்ல இருந்துச்சு. படிச்சேன். தவறாப் புரிஞ்சுக்கிட்டோம்னு அச்சுல இருந்ததை அடிச்சிட்டுப் பேனாவால வேற எழுதியிருக்காங்க. அதையும் படிச்சேன்.”

இன்சார்ஜ் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டம் கைக்கு வந்த அன்றும், நாற்காலி கைவிட்டுப் போன அன்றும் வராத அழுகை அவளுக்கு இப்போது வந்துவிட்டது. மேனேஜர் கேள்வியைக் குறித்துக்கொண்டார். இன்சார்ஜ் கையில் பேனாவை வைத்துக்கொண்டு, திறந்த நோட்டின் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தபடி, அவர் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று மற்ற நர்சுகளோடு சேர்ந்து காத்திருந்தாள்.